முதலில் கண்ட காட்சி, பிறகு கருத்து

ஒரு படத்தைப் பற்றிக் கருத்துச் சொல்பவர், அந்தப் படத்தில் தாம் என்ன கண்டார் என்பதை முதலில் சொல்ல வேண்டும்; நன்றாக இருக்கிறது, நன்றாக இல்லை என்பதெல்லாம் அதற்குப் பிறகே வர வேண்டும். கோபிசெட்டிபாளையம் பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நெல் விளையும் ஊர் எங்களுடையது. சனிக்கிழமை இரவு வீட்டு ஆசாரத்தில் (கூடத்தில்) எல்லாரும் உட்கார்ந்து ஒரு படம் பார்ப்பதும், ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்தகை (இடியாப்பம் போன்ற பலகாரம்) பிழிந்துகொண்டே அதைப் பற்றிப் பேசுவதும் எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டன. மாமியார், கணவர், பெருந்துறையில் பொறியியல் படிக்கும் மகன், பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகள், நான் என்று வீட்டில் ஐந்து பேர். ஐவரின் ருசியும் ஒன்றாக இருந்ததே இல்லை. அந்தப் பேச்சுகளின் வழியாக நாங்கள் கற்றுக்கொண்டவை, வீட்டில் படம் பார்க்கும் மற்றக் குடும்பங்களுக்கும் பயன்படும் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன்.

சினிமாவைப் பற்றி உரிமையோடு பேசும் பழக்கம் கொங்குச் சீமைக்குப் பழையது. சேலத்தில் டி.ஆர்.சுந்தரம் 1935-இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸும், 'மலைக்கள்ளன்' (1954) படத்தை எடுத்த கோவை பட்சிராஜா ஸ்டுடியோவும் இங்கேதான் இருந்தன. இயக்குநர் கே.பாக்யராஜ் பிறந்த வெள்ளாங்கோயில் கோபிக்குப் பக்கத்து ஊர். படப்பிடிப்புகள் நிறைய நடந்ததால் கோபிக்கே 'மினி கோடம்பாக்கம்' என்று ஒரு பெயர் உண்டு. அதனால் பழைய படம் ஏதாவது ஓடினால், கதையைக் காட்டிலும், அந்த வாய்க்கால் மேடு எது, அந்தத் தென்னந்தோப்பு யாருடையது என்பதே எங்கள் வீட்டில் பெரிய பேச்சாக இருக்கும். அது மகிழ்ச்சியான பேச்சுதான். ஆனால் படம் முடிந்ததும் "பரவால்ல", "ஒருக்கா பாக்கலாம்", "இழுவை" என்று ஒற்றைச் சொல்லில் தீர்ப்பு எழுதிவிட்டுப் படுக்கப் போய்விடுவோம். இந்தச் சொற்களை வைத்துக்கொண்டு, படத்தைப் பார்க்காத ஒருவர் எதையும் முடிவுசெய்ய முடியாது.

இதை எங்களுக்கு எடுத்துச் சொன்னவர் என் கணவரின் அக்கா, தாராபுரம் பக்கத்தில் இருக்கும் நங்கையாள். அவர் வீட்டுக் கட்டுத்தரையில் மாடுகள் நிற்கின்றன. மாலையில் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றி, இரவுச் சமையலையும் முடித்து உட்கார்ந்தால், முழுதாக இரண்டு மணி நேரம் கிடைப்பதே அரிது. அந்த இரண்டு மணி நேரத்தை எந்தப் படத்துக்குக் கொடுப்பது என்று தெரிந்துகொள்ளத்தான் அவர் ஞாயிறுதோறும் எனக்குப் போன் செய்வார். "ஏன் அம்மிணி, எல்லாத்தையுந்தான் நல்லா இருக்குதுங்கற. போட்டுப் பாத்தா எனக்குப் புடிக்கமாட்டீங்குது. உள்ள என்ன இருக்குதுன்னு சொல்லு, பாக்கறதா வேண்டாமான்னு நான் முடிவு பண்ணிக்கறேன்" என்றார். கேட்பவருக்கு வேண்டியது நம்முடைய மதிப்பெண் இல்லை என்பதும், அவரே முடிவெடுப்பதற்கு வேண்டிய விவரந்தான் என்பதும் அப்போதுதான் எங்களுக்கு உறைத்தன.

ஜியோ பேபி இயக்கி 2021-இல் வந்த மலையாளப் படமான 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' படத்தைப் பார்த்த மறுநாள் காலைப் பேச்சை விரிவாகச் சொல்ல வேண்டும். திருமணமாகிப் புகுந்த வீட்டுக்கு வரும் பெண் ஒருத்தியின் சமையலறை நாட்களைத்தான் அந்தப் படம் காட்டுகிறது. மாமனாருக்குச் சோறு விறகடுப்பில் வெந்திருக்க வேண்டும், குக்கர் ஆகாது. சட்டினியைக் கையால் அரைக்க வேண்டும். துணியை வாஷிங் மெஷினில் போடக் கூடாது. நறுக்குவது, தாளிப்பது, பரிமாறுவது, சாப்பிட்டவர்கள் மேசையில் துப்பிவைத்த சக்கையைப் பொறுக்குவது, கழுவுவது என்று மறுபடி மறுபடி அதே வேலைகள். என் மகனுக்குப் பொறுமை போய்விட்டது. "ஒரே ஷாட்டத் திருப்பித் திருப்பிக் காட்டறாங்க, பாதி படத்த வெட்டியிருக்கலாம்" என்றான். அவன் தன் கருத்தை அவ்வளவோடு முடித்திருந்தால், படம் இழுவை என்ற பெயரோடு எங்கள் வீட்டை விட்டுப் போயிருக்கும்.

மாமியார் சந்தகை மரத்தின் கைப்பிடியை அழுத்திக்கொண்டே, "அந்தப் பாத்திரங் கழுவற தொட்டிக்கு அடியில குழா ஒழுகுதே, ஆளக் கூட்டியாரச் சொல்லி அந்தப் புள்ள சொல்லீட்டே இருக்குது, அவன் காதுலயே போட்டுக்கல, கவனிச்சியா கண்ணு?" என்று பேரனிடம் கேட்டார். அவன் கவனித்திருக்கவில்லை. ஒழுகும் தண்ணீரைப் பிடிக்க அடியில் வைக்கப்பட்ட வாளியையும், நனைந்த சாக்கையும், அந்தப் பெண் கையை முகர்ந்து பார்ப்பதையும் மாமியார் ஒவ்வொன்றாகச் சொன்னார். பிறகு, தாம் கல்யாணமாகி வந்த புதிதில் அறுவடை ஆட்களுக்கு ஆக்கிப்போட்டுவிட்டு, எல்லாரும் உண்டு எழுந்த பின் மிச்சத்தை உண்ட நாட்களைச் சொன்னார். மகன் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "திருப்பித் திருப்பிக் காட்டுனதுதான் விசயமா அப்பத்தா?" என்றான். ஒரே வேலையைப் பலமுறை காட்டியது இயக்குநரின் கவனக்குறைவால் நேர்ந்ததில்லை, அந்த வாழ்க்கையின் வடிவமே அதுதான் என்பதை எந்த விமரிசனக் கட்டுரையும் இத்தனை எளிதாக அவனுக்கு விளக்கியிருக்காது. அந்தப் படம் இன்னும் அவனுக்குப் பிடித்த படங்களில் இல்லை. ஆனால் ஏன் பிடிக்கவில்லை என்பதை இப்போது அவனால் தெளிவாகச் சொல்ல முடிகிறது.

அன்று தொடங்கித்தான், பேச்சை ஆரம்பிக்கும் ஒவ்வொருவரும் ஒரே ஒரு காட்சியை, கண்ணால் கண்டபடி, காதால் கேட்டபடி சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். அந்தக் காட்சி முக்கியமானதாக இருக்க வேண்டியதில்லை. மனத்தில் நின்றதாக இருந்தால் போதும். தீர்ப்புச் சொற்கள் எல்லாம் எல்லாரும் ஒரு சுற்றுச் சொல்லி முடித்த பிறகுதான். இதில் வரிசை மிக முக்கியம். வயதில் சிறியவர்கள் முதலில் பேச வேண்டும். எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் பெரியவர்கள் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பிள்ளைகள் வாய் திறப்பதில்லை, அது மரியாதை. அந்த மரியாதையையும் காப்பாற்றி, பிள்ளைகளின் மனத்தில் உள்ளதையும் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால், மகளைத்தான் முதலில் பேசவிட வேண்டும். கணவரும் மாமியாரும் கடைசியில் பேசுவார்கள்.

காட்சியைச் சொல்ல வேண்டுமென்றால் காட்சியைப் பார்த்திருக்க வேண்டும். வீட்டில் பார்க்கும் படத்துக்கு இதுதான் பெரிய இடைஞ்சல். தியேட்டரில் விளக்கை அணைத்துவிடுகிறார்கள். வீட்டில் குழல் விளக்கு எரிகிறது, அடுப்பில் பால் பொங்குகிறது, கைப்பேசி மினுக்குகிறது. பி.எஸ்.வினோத்ராஜ் இயக்கிய 'கொட்டுக்காளி' (2024) படத்துக்குப் பின்னணி இசையே கிடையாது. ஆட்டோவின் இரைச்சல், சேவலின் சத்தம், தொண்டை கட்டிப்போன சூரியின் குரல், வெயில் ஏறிய சாலையின் ஓசை ஆகியவைதாம் அந்தப் படத்தின் இசை. ஆன்னா பென் ஏற்ற மீனா என்ற பெண், கிட்டத்தட்டப் படம் முழுவதும் பேசாமலே வருகிறாள். அவளைச் சுற்றி இருப்பவர்கள் பேசுகிறார்கள், பேசிக்கொண்டே இருக்கிறார்கள். இதைக் காற்றாடி இரைச்சலோடும் பாதிக் கவனத்தோடும் பார்த்தால், 'ஒண்ணுமே நடக்கல' என்ற கருத்துத்தான் மிஞ்சும். எனவே அந்த இரவு சமையலை முன்னதாகவே முடித்து, விளக்கணைத்து, கைப்பேசிகளை எல்லாம் சாமி அறை அலமாரியில் வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தோம். சாலையை மறித்து நிற்கும் மாட்டை ஆண்கள் யாரும் நெருங்கத் துணியாமல் நிற்க, ஒரு சிறுமி வந்து ஓட்டிப்போகும் காட்சியைத்தான் மகள் மறுநாள் சொன்னாள். அவள் அதற்கு விளக்கம் எதுவும் சொல்லவில்லை. விளக்கம் தேவைப்படவும் இல்லை.

டி.வி.யில் செய்ய வேண்டிய சில சிறு மாற்றங்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சினிமா பொதுவாக நொடிக்கு 24 சட்டகங்களாக (பிரேம்களாக) எடுக்கப்படுகிறது. இப்போது வரும் பல டி.வி.க்கள் அவற்றுக்கு இடையே தாமாகவே சட்டகங்களை உருவாக்கிச் செருகி, அசைவை வழவழப்பாக்கிக் காட்டுகின்றன. அதனால் பெரும் உழைப்பில் எடுத்த படமும் தொடர் நாடகத்தைப் போலத் தெரிகிறது. அமைப்புகளுக்குள் சென்று பெயரில் பெரும்பாலும் 'மோஷன்' என்று வரும் அந்த வசதியை அணைத்துவிட்டு, படத்தின் நிறத்தை 'சினிமா' அல்லது 'பிலிம்மேக்கர்' என்ற தெரிவுக்கு மாற்றிவிட வேண்டும். கடையில் வைத்துக் காட்டும் பளீர் நிறத்தில் இரவுக் காட்சிகள் கெட்டுப்போகின்றன. வசனம் மெதுவாகவும் பாட்டும் சண்டையும் காதைப் பிளப்பதாகவும் கேட்டால், ஒலியை 5.1-இலிருந்து ஸ்டீரியோவுக்கு மாற்றிப் பார்க்கலாம். பல ஒலிபெருக்கிகளுக்காகப் பிரித்து வைத்த ஒலி, டி.வி.யின் இரண்டு சிறு ஒலிபெருக்கிகளில் வரும்போதுதான் வசனம் அமுங்கிப்போகிறது. மேலும் கீழும் கறுப்புப் பட்டை தெரிகிறதே என்று பெரியவர்கள் படத்தைப் பெரிதாக்கச் சொல்வார்கள். பெரிதாக்கினால் இரண்டு ஓரங்களிலும் இருப்பவர்கள் வெட்டுப்படுவார்கள். மாமியாரிடம் ஒருமுறை இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டியதும், "அப்படின்னா பட்ட இருந்தா இருந்துட்டுப் போவுது" என்று ஒப்புக்கொண்டார்.

எந்த மொழித் தடத்தில் பார்க்கிறோம் என்பதும் கருத்தை மாற்றும். லிஜோ ஜோஸ் பெல்லிசேரி இயக்கி, மம்மூட்டி நடித்து, 2023 ஜனவரியில் திரையரங்குகளுக்கு வந்த 'நண்பகல் நேரத்து மயக்கம்' படத்தை நான் அண்மையில் பார்த்தவற்றில் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். வேளாங்கண்ணிக்குப் போய்விட்டு ஊர் திரும்பும் மலையாளக் கூட்டத்தில் ஒருவர், மதிய நேரத்தில் பேருந்தை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஒரு தமிழ்க் கிராமத்துக்குள் நடந்துபோய், அந்த ஊரில் காணாமல்போன இன்னொருவராகவே நடந்துகொள்ளத் தொடங்குகிறார். அதுவரை மலையாளம் பேசியவர் வாயில் அந்த நிமிடத்திலிருந்து தமிழ் வருகிறது. மலையாளத் தடத்தில், தேவையான இடங்களில் வசன வரிகளோடு பார்த்தால்தான் அந்த மாற்றம் மயிர்க்கூச்செறிய வைக்கும். எல்லாரையும் ஒரே மொழியில் பேசவைக்கும் தடத்தில் கேட்டால் அந்த நிமிடமே காணாமல் போய்விடும். படம் முழுவதும் எங்கோ ஒரு வானொலியிலோ டி.வி.யிலோ பழைய தமிழ்ப் பாட்டும் வசனமும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. பழனி வட்டாரத்தில் எடுத்த படம் என்பதால் அந்தச் சந்துகளும் சுண்ணாம்புச் சுவர்களும் எங்களுக்கு அந்நியமாகப் படவில்லை. 'உறங்கு வதுபோலுஞ் சாக்காடு' என்ற குறள் அதில் வரும்போது மகள் மீதியைச் சொல்லி முடித்தாள். கண் தெரியாத வயதான தாய் ஒருவர் டி.வி. முன்னாலேயே உட்கார்ந்திருப்பதைத்தான் கணவர் தம்முடைய காட்சியாகச் சொன்னார். மாமியாருக்கோ கண்புரைச் சிகிச்சைக்கு முன்பு அவரும் அப்படித்தான் காதால் படம் பார்த்தார் என்ற நினைவு வந்தது. யார் சொல்வது சரி என்ற கேள்விக்கு அந்தப் பேச்சில் இடமே இருக்கவில்லை.

சொந்த ஊர்ப் படங்களைப் பற்றிக் கருத்துச் சொல்லும்போது கூடுதல் கவனம் வேண்டும் என்பது என் எண்ணம். கோவையைக் களமாகக் கொண்டு ராஜேஷ்வர் காளிசாமி இயக்கிய 'குடும்பஸ்தன்' (2025) படம் ஓடிய இரவு வீடே சிரித்தது. கொங்குத் தமிழைச் சினிமாவில் கேட்பது எங்களுக்குப் புதிதில்லை. 'சதிலீலாவதி'யில் (1995) கமலும் கோவை சரளாவும் பேசியதை மாமியார் இன்றும் அப்படியே பேசிக்காட்டுவார். ஆனால் பேச்சு நம்முடையதாக இருக்கிறது என்ற மகிழ்ச்சியே படம் நன்றாக இருக்கிறது என்ற கருத்தாக மாறிவிடும் ஆபத்து இருக்கிறது. வேலை போனதை வீட்டில் மறைத்து, கடனை அடைக்கக் கடன் வாங்கிக்கொண்டே போகிறான் அந்தப் படத்து நாயகன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்த இடங்களில் கணவர் சிரிக்கவில்லை. சீட்டுப் பணம், கைமாற்று, தவணை என்று அந்தக் கணக்கை எல்லாம் தாமே போட்டவர் அவர். மறுநாள் அவர் சொன்ன காட்சிகள் எல்லாம் பணத்தைக் கேட்டு வாங்கும் காட்சிகளாகவே இருந்தன. நாயகனாக வரும் மணிகண்டனின் நடிப்பும், அக்கா கணவராக வரும் குரு சோமசுந்தரத்தின் நடிப்பும் எங்கள் ஐவருக்கும் பிடித்தன. எனக்கு ஒரு குறை உண்டு. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மனைவியின் பக்கம், அடுக்கடுக்காக வரும் நகைச்சுவைக்கு நடுவே போதிய நேரம் கிடைக்காமல் போய்விட்டது. நம்முடைய ஊர்ப் படம் என்பதற்காக இதைச் சொல்லாமல் விடுவது அந்தப் படத்துக்குச் செய்யும் நன்மை ஆகாது.

இதைவிடக் கடினமானது மாரி செல்வராஜின் 'மாமன்னன்' (2023). கதை நடப்பது சேலம் பக்கம், பேசுவது சாதியை. படம் வீட்டுத் திரைக்கு வந்த நாட்களில், பகத் பாசில் ஏற்ற ரத்னவேலு என்ற பாத்திரத்தைத் தம் சாதிப் பெருமையாகப் போற்றும் துணுக்குப் படங்கள் இணையமெங்கும் சுற்றின. எங்கள் உறவினர் குழுவிலும் சிலர் அவற்றைப் பகிர்ந்து, கையெடுத்துக் கும்பிடும் குறிகளைப் போட்டார்கள். எனக்கு மிகுந்த வருத்தமாக இருந்தது. ஆனால் குழுவில் சண்டை போடுவதால் யார் மனமும் மாறாது. ஒரு விசேஷத்தில் நேரில் சந்தித்தபோது, அப்படிப் பகிர்ந்த ஒரு மாமனிடம், "நீங்க படம் பாத்தீங்களாங் மாமா? அந்த ஆள் முதல்ல வர்ற காட்சியச் சொல்லுங்க" என்று மட்டும் என் கணவர் கேட்டார். நாய்ப் பந்தயத்தில் தோற்றுவிட்டது என்பதற்காகத் தான் வளர்த்த நாயையே அடித்துக் கொல்பவனாகத்தான் அந்தப் பாத்திரம் அறிமுகமாகிறது. அதை வாயால் சொல்லத் தொடங்கிய மாமன் பாதியில் நிறுத்தி, "அது தப்புத்தான் மாப்ள" என்றார். பின்னர் வடிவேலு ஏற்ற சட்டமன்ற உறுப்பினர், பதவியில் இருந்தும் நாற்காலியில் உட்காராமல் நிற்கும் காட்சிக்குப் பேச்சு போனது. அங்கே இருந்த பெரியவர்களில் சிலர், தங்கள் தோட்டத்து வாசலில் யார் யாரெல்லாம் நின்றுகொண்டே பேசிவிட்டுப் போனார்கள் என்பதை நினைத்துப் பார்த்தார்கள். எல்லாரும் மாறிவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. துணுக்குகளாகப் பார்த்த படத்தைப் போற்றுவது எளிது, காட்சியாக எடுத்துச் சொல்லும்போது அது எளிதாக இருப்பதில்லை. இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

நாம் பார்த்த படமும் மற்றவர் பார்த்த படமும் ஒரே வடிவந்தானா என்பதையும் கேட்டுக்கொள்வது நல்லது. சி.பிரேம்குமாரின் 'மெய்யழகன்' 2024 செப்டம்பரில் வெளியான சில நாட்களிலேயே ஏறத்தாழ 18 நிமிடம் குறைக்கப்பட்டது. முதல் வாரத்திலேயே ஈரோட்டில் பார்த்த தம்பி, ஜல்லிக்கட்டைப் பற்றியும் போரைப் பற்றியும் வரும் பேச்சுகள் நீளம் என்றான். வீட்டில் பார்த்த எனக்கோ அப்படி எதுவும் தோன்றவில்லை. இருவரும் வேறு வேறு நீளமுள்ள படத்துக்காக வாதாடியிருக்கிறோம். தொலைக்காட்சி ஒளிபரப்பிலும் நேரத்துக்காகவும் தணிக்கைக்காகவும் வெட்டுகள் இருக்கும் என்பதால், எங்கே பார்த்தோம், எப்போது பார்த்தோம் என்பதைச் சொல்லிவிட்டே கருத்தைத் தொடங்குவது இப்போது எங்கள் பழக்கம்.

முடிவைச் சொல்லாமல் பேசுவது பற்றிப் பலரும் பலவாறு சொல்கிறார்கள். எங்கள் வழி எளிது: முதல் அரை மணி நேரத்தில் வருவதை மட்டும் வெளியாட்களிடம் சொல்லலாம். நித்திலன் சாமிநாதனின் 'மகாராஜா' (2024) என்றால், தம் வீட்டிலிருந்து 'லட்சுமி' காணாமல்போய்விட்டது என்று சலூன் கடைக்காரர் ஒருவர் காவல் நிலையத்துக்கு வருகிறார், லட்சுமி என்பது ஒரு குப்பைத் தொட்டி என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். காலத்தை முன்பின்னாக அடுக்கிச் சொல்லும் படம் அது. அந்த அடுக்கைப் பிரித்துச் சொன்னால் படமே போய்விடும். ஆனால் பிள்ளைகளோடு உட்கார வேண்டாம் என்ற எச்சரிக்கையைக் கட்டாயம் சொல்ல வேண்டும், காரணத்தைச் சொல்லாவிட்டாலும் சரி. 2024-இல் வந்த புதிய சான்றிதழ் விதிகளின்படி யு/ஏ (சிறுவர்கள் பெற்றோர் வழிகாட்டலோடு பார்க்கலாம்) என்பது 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இணையத் திரைகளிலும் படம் தொடங்கும்போது இப்படி ஒரு வயதுக் குறியீடு வரும். அந்த எண்ணைப் பார்த்துக் கருத்தோடு சேர்த்துச் சொல்வது, சிறு குழந்தைகள் உள்ள வீட்டாருக்குப் பேருதவி.

ம.மணிகண்டன் இயக்கிய 'கடைசி விவசாயி' (2022) பற்றி மகளுக்கும் எனக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. உசிலம்பட்டிப் பக்கத்து முதிய விவசாயி மாயாண்டியாக நடித்த நல்லாண்டி, படம் வெளிவருமுன்பே காலமாகிவிட்டார். குலதெய்வக் கும்பிடுக்குப் படைக்க வேண்டிய நெல்லை விளைவிக்கும் பொறுப்பு அவருக்கு வருகிறது. நாற்று பச்சைப் பிடிக்கும் நேரத்தில், நிலத்தில் செத்துக் கிடந்த மயில்களைப் புதைத்ததற்காக, அவற்றைக் கொன்றதாக வழக்குப் போட்டுக் கூட்டிப்போகிறார்கள். பயிருக்குத் தண்ணீர் விட ஆளில்லை என்று அவர் சொல்ல, நீதிபதி ஒரு காவலரைப் போய்த் தண்ணீர் பாய்ச்சச் சொல்கிறார். இந்த இடத்தில் மாமியார் எழுந்து உட்கார்ந்துவிட்டார். காக்கிச் சட்டையோடு வயலில் நிற்கும் அந்தக் காவலரின் கைவேலையைப் பார்த்துவிட்டு, வயல் வேலை தெரிந்தவர்தானா என்று ஆராய்ந்தார். எங்கள் பக்கத்திலும் மயில்கள் பெருகிக் காட்டில் விதைத்ததை எல்லாம் கொத்தித் தின்கின்றன. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உச்சப் பாதுகாப்புப் பெற்ற பறவை என்பதால், செத்துக் கிடந்தால்கூடத் தொடுவதற்கு அஞ்சுகிறார்கள். அதனால் அந்த வழக்கு எங்கள் வீட்டில் கதையாக யாருக்கும் படவில்லை.

மகள் வேறு விதமாகப் பார்த்தாள். விஜய் சேதுபதி வரும் பகுதிகள் படத்தோடு ஒட்டவில்லை, முருகனையும் மயிலையும் சேர்த்துச் சொல்வது அழுத்தமாக இருக்கிறது, முதியவரின் முகத்தை மட்டும் நம்பியிருந்தாலே போதும் என்றாள். கணவர் அவள் பக்கம் பாதி சாய்ந்தார். எனக்கு அந்தப் பகுதிகளும் வேண்டும் என்றே தோன்றுகிறது. மண்ணையும் சாமியையும் பிரித்துப் பார்க்காத ஒரு மனிதரின் படத்தில் அவை வெளியே நிற்கவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் அவள் தன் காட்சியாகச் சொன்னது என்னைக் கட்டிப்போட்டுவிட்டது. நீதிமன்றத்தில் எல்லாரும் சட்டம் பேசும்போது, காது மந்தமான மாயாண்டிக்கு என்ன கேட்டிருக்கும் என்று யோசித்துக்கொண்டே அந்தக் காட்சிகளைப் பார்த்தேன் என்றாள். நான் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அவருடைய காதை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

படம் முடிந்த உடனே பேசாமல் ஓர் இரவைக் கடந்து பேசுவதில் நன்மை உண்டு. உடனே பேசினால், கடைசிக் காட்சியின் சூடுதான் பேசும். காலையில் எது நினைவில் நிற்கிறதோ அதுவே படம் நமக்குக் கொடுத்தது. பேசியவற்றை ஒரு பழைய கணக்கு நோட்டில் எழுதிவைக்கிறேன்: படத்தின் பெயர், ஆண்டு, இயக்குநர், பார்த்த மொழி, நடுவில் யார் எழுந்து போனார்கள், ஒவ்வொருவரும் சொன்ன காட்சி, யாருக்குப் பரிந்துரைக்கலாம். நடுவில் எழுந்து போனவரின் கருத்துக்குப் பக்கத்தில் அதையும் குறித்துவிடுவதால், மின்வெட்டு வந்த இரவிலும் விருந்தாளி வந்த இரவிலும் பார்த்த படங்களை அவசரப்பட்டுத் தள்ளிவிடாமல் மறுபடி போட்டுப் பார்க்க முடிகிறது.

நங்கையாளுக்கு இப்போது போனில் சொல்லும்போது அந்த நோட்டைத்தான் புரட்டுகிறேன். அவருக்கு நேரம் குறைவு என்பதால், வினோத்ராஜின் முதல் படமான, 2021-இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது பெற்ற 'கூழாங்கல்' படத்தை முதலில் சொன்னேன். ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்துவிடும். பள்ளிக்கூடத்திலிருந்து மகனை இழுத்துக்கொண்டு, கோபித்துக்கொண்டு போன மனைவியைத் தேடிப் போகும் ஒரு குடிகாரத் தகப்பனும், கொதிக்கும் வெயிலில் அந்தப் பையன் நடந்து திரும்பும் வழியும் அதில் இருக்கின்றன என்றேன். பாட்டு இல்லை, சிரிப்பு குறைவு, வசவுச் சொற்கள் வரும், பேரப் பிள்ளைகள் தூங்கிய பிறகு பாருங்கள் என்றும் சொன்னேன். நல்ல படம் என்று சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு அவரே கூப்பிட்டு, ஊற்றில் தண்ணீர் சுரக்கச் சுரக்கப் பெண்கள் குடத்தோடு வரிசையில் காத்திருக்கும் காட்சியைச் சொல்லத் தொடங்கினார். அவருடைய அடுத்த படத்துக்கு 'குடும்பஸ்தன்' என்று குறித்திருக்கிறேன்.